மாப்பிள்ளைக்கு ஒரு நியான் வாட்ச்

"இன்னும் கொறைக்கலாம்லே."

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். அருப்புக்கோட்டை பஜாரில் ஒரே கடையைப் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பக்கம் நான் வாட்ச் ரிப்பேர், அந்தப் பக்கம் அவர் ரேடியோ ரிப்பேர். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. ஏழு வருஷம் அந்தப் பலகையோரம் உட்கார்ந்து இதைக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஆறடி ஆள். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்துவிட்டு வந்தவர். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, உலகத்தில் எல்லாமே தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது என்று ஒரு கோபம் அவருக்கு. டீக்கடையில் கிளாசைத் தூக்கிப் பார்த்து, "இம்புட்டு உயரம் எதுக்கு?" என்பார். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே கையை நீட்டி நிறுத்திவிடுவார். சொல்ல வந்ததை நாலு வார்த்தையில் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் போய்விட வேண்டும். தன்னைக் குறைத்துக்கொள்ள மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. முழங்கால் மேஜையில் இடிக்க இடிக்கத்தான் கடைசிவரை வேலை பார்த்தார்.

ஒருமுறை வீரசோழனிலிருந்து ஒரு பாய், வயசானவர், பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்றைத் துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து வாங்கிவந்தது. சுற்றியிருந்த துணியில் பூ வேலை. "எங்க வீட்ல அவுக தச்சது. மவுத்தாகி வருசம் ரெண்டாச்சு" என்றார். மறுவாரம் வந்தபோது ரேடியோ பாடியது. ஆனால் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்து பாடியது. மரப்பெட்டியை இவர் உடைத்து அடுப்புக்குக் கொடுத்திருந்தார். "உள்ள பாதி வெறும் காத்துதான் பாய். கொறைச்சிட்டேன். இனிமே கக்கத்துல வச்சுக்கூடப் போகலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாய் டின்னைப் பார்த்தார். கையில் இருந்த பூத்துணியைப் பார்த்தார். அந்தத் துணியை டின்னுக்கு மேல் போட்டால் தரையில் புரளும். இரண்டையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். பாவி மனுசன், அந்த முகத்தைப் பார்த்துமா ஒன்றும் தோன்றவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் அந்தக் காலத்தில் எனக்கு நல்ல பழக்கம்.

அவர் மனைவிக்குத் திருச்சுழி பிறந்த ஊர். அந்த அம்மா அங்கே திரும்பிப் போன கதையும் இதே கதைதான். மதியம் அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. கடையிலிருந்தபடியே வாசித்துவிட்டு, நிலைப்படியில் நின்று, "ஒங்கய்யா போயிட்டாரு. சோத்தைத் தின்னுட்டுப் பெறப்படு" என்றார். அந்த அம்மா போட்ட சத்தத்தில் பஜாரே ஓடிவந்தது. பக்கத்துக் கடைக்காரர், "ஏன் அண்ணாச்சி, மொதல்ல ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகக்கூடாதா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொன்னா இங்க ஒருதரம் அழுகணும், அங்க போயி ஒருதரம் அழுகணும். ஒண்ணைக் கொறைச்சேன்" என்றார் இவர்.

போன அம்மா பதினாறாம் நாள் கழிந்தும் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

பிறகு அந்த வீட்டில் சமைத்துப்போட்டது அவர் தங்கச்சி. தாய் தகப்பன் இல்லாத பெண், கல்யாணத்துக்கு இருந்தவள். அந்த வீட்டிலிருந்து வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே வழி கல்யாணம்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கத்துத் தறிவீடுகளில் பாவு நூல் அறுந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் நூலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அப்படி ஒரு கண், அப்படி ஒரு விரல்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவில் பெரிய பெண்களிலிருந்து சின்னப் பெண்கள் வரை என்னை 'வாட்ச்சுக்கார அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மட்டும் கூப்பிட மாட்டாள். "இங்க பாருங்க" என்பாள். "டீ வச்சிருக்கேன், ஆறிப்போகும்" என்பாள். எங்கள் ஆட்கள்தான், முறைக்கும் ஒத்துவரும். அந்த ஒரு வார்த்தை வராமல் இருந்ததை வைத்து நான் மனசுக்குள் ஒரு வீடே கட்டி வைத்திருந்தேன். வெளியே சொல்லத் தைரியம் வந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் மதுரைப் பழைய சாமான் கடையிலிருந்து ஏதோ ஒரு எண்ணும் மெஷினைத் தூக்கிவந்தார். அதில் கட்டைவிரல் பருமனுக்குக் கண்ணாடிக் குழல்கள் வரிசையாக இருந்தன. மின்சாரம் கொடுத்தார். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு எண் செக்கச்செவேலென்று தணல் போல நின்றது. உள்ளே பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை பத்துக் கம்பி எண்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக. சுற்றிலும் நியான் வாயு. எந்தக் கம்பிக்கு மின்சாரம் போகிறதோ அதைச் சுற்றி மட்டும் வாயு ஒளிரும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, "இன்னும் கொறைக்கலாம்லே" என்றார்.

"எம்புட்டு அண்ணாச்சி?"

"கையில கட்டுற அளவுக்கு."

அன்றைக்குப் பிடித்தது சனி.

குழலைக் கடலைக்காய் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே எண்கள் நெல் அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தலைமுடி போகும் இடம்தான். இரண்டும் தொட்டுவிட்டால் மூன்றும் நாலும் சேர்ந்து எரியும். கண்ணாடியோடு ஒட்டிப்பிடிக்கிற கம்பி கடையில் கிடைக்காது, பியூஸ் போன பல்புகளை உடைத்து அதன் கழுத்திலிருந்து உருவ வேண்டும். வாயு அடைக்க மதுரையில் சினிமாக் கொட்டகைகளுக்கு நியான் போர்டு செய்கிறவரிடம் போக வேண்டும். பஞ்சு வைத்த டப்பாவில் குழலை வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார். பாதி குழல்கள் ரோட்டுக் குழியிலேயே விரிசல் விட்டுவிடும். நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் எரியும் என்பதால் பேட்டரியும் டிரான்ஸ்பார்மரும் ஒரு டப்பாவில் இடுப்பில் தொங்கும், சட்டைக் கைக்குள் ஒயர் வரும். எங்கள் ஊர் வெயிலில் எல்லார் கையிலும் வேர்வை. அதுவும் என் கை கொஞ்சம் அதிகம் வேர்க்கும். அதனால் சோதனைக்கு என் கைதான். ஈரத்தில் ஒருமுறை ஷாக் அடித்து நான் உதறிய உதறலில் ரிப்பேருக்கு வந்த ஒருவருடைய வாட்சின் பாலன்ஸ் சக்கரம் எங்கேயோ தெறித்துப் போயிற்று. நான் தரையில் தவழ்ந்து தேடும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் உப்புத் தண்ணீர் கொண்டுவந்து என் மணிக்கட்டில் ஊற்றி, "இப்பக் கட்டு" என்றார். கட்டினேன். பின்கட்டில் அவள் இருக்கிறாள் அல்லவா, கட்டினேன்.

எண்களை வளைத்தது அவள்தான். இடுக்கியால் அவர் வளைத்தால் ஏழு கூட நேராக வராது. அவள் ஊசிமுனையில் சுற்றி எடுப்பாள். என்னிடம் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் இரண்டு இருந்தன. நல்லதை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கும்போது, "உங்களுக்கு வேணுமே" என்றாள். "இன்னொண்ணு இருக்கு" என்றேன். எங்கள் காதல் காவியத்தில் மொத்த வசனமே அவ்வளவுதான்.

பெரிய தொல்லை கொடுத்தது எட்டு. எண் சிறிதாகிவிட்டது என்பதற்காக ஒளியும் மெலிதாகிவிடாது. கம்பியைச் சுற்றி ஒரே தடிமனில் படரும். எட்டின் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு வெறும் சிவப்புக் கட்டியாகத் தெரிந்தது. வாயுவை அழுத்தி அடைத்தால் ஒளி மெலிந்தது. ஆனால் கம்பி சூடேறி, உலோகம் தூளாகிக் கண்ணாடியில் கருப்பாகப் படிந்தது. மூன்று மாதம் எட்டோடு மல்லுக்கட்டினார். கடைசியில் அவள்தான் இடுப்பை நன்றாக இறுக்கி, இரண்டு வயிற்றையும் அகலமாக்கி ஒரு எட்டு வளைத்துக் கொடுத்தாள். அது எரிந்தபோது இரண்டு துவாரமும் தெரிந்தது. "நான் சொன்னேன்ல" என்றார் அவர். என்ன சொன்னாரோ.

இதற்கு நடுவில் அவளுக்குப் பந்தல்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தூத்துக்குடி ரோட்டில் கடை வைத்திருக்கிறவர்கள், லாரிக்காரர்கள் நின்று போகிற பெரிய கடை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது மச்சினன் கடமை. பரிசம் பேசும்போதே வாட்ச்சைப் பற்றித்தான் கேட்பார்கள். "ஊர்ல எந்த மாப்பிள்ளையும் போடாத வாட்ச்சு போடுறேன்" என்று இவர் சொல்லியனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அவள் தன் கல்யாணத்துக்குத்தான் எண்களை வளைத்தாள். பலகை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னைவிட வேகமாக வளைத்தாள். எனக்கு வயிறெரிந்தது. ஆனாலும் என் பங்குக்குப் பழைய வாட்ச் ஒன்றின் மணிமுள்ளுக்கு அடியில் பன்னிரண்டு பித்தளைப் புள்ளி பதித்துக் கொடுத்தேன். முள் எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அந்த எண்ணுக்கு மின்சாரம் போகும். நிமிஷத்துக்கு என்ன செய்ய என்று கேட்டேன். "மணி தெரிஞ்சாப் போதும். நிமிசத்தைக் கொறைச்சாச்சு" என்றார்.

சூடான கண்ணாடியை ஊதி மூடியவுடன் சுடுசாம்பலில் புதைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். நியான் போர்டுக்காரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒரு மணி நேரம். இவர் அதை அரை மணியாக்கினார், ஒன்றும் ஆகவில்லை. கால் மணியாக்கினார், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு நாலைந்து நிமிஷத்திலேயே எடுத்து, "எட்டு மூணுல தொடுதான்னு பாரு" என்று தங்கச்சியிடம் நீட்டினார். அவள் வலது கண்ணில் என் லென்ஸைச் செருகிக்கொண்டு கிட்டே குனிந்தாள். அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது, குழல் தெறித்துவிட்டது. லென்ஸ் இருந்த கண் பிழைத்தது. வெறுமனே திறந்திருந்த இடது கண்ணில் சில்லு பாய்ந்தது.

நான் ஓடிப்போனபோது அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து எண்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"வெள்ளிக்கிழமை வாயு அடைக்கப் போறேன்லே. அப்பக் கூட்டிட்டுப் போறேன். ஒரு நடை கொறையும்."

அன்றைக்குச் செவ்வாய். நான் கூட்டிப் போயிருக்கலாம். கல்யாணம் பேசியிருக்கிற பெண்ணோடு மதுரை பஸ்ஸில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே வாட்ச்சுகளுக்கு எண்ணெய் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மதுரை டாக்டர், அன்றைக்கே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றாராம். புண் ஆறியது. கருவிழியில் பூ விழுந்துவிட்டது. வெள்ளையாக, பொட்டுக்கடலை அளவுக்கு. இரண்டு மாதத்தில் அவளை மறுபடியும் ஊசியோடு உட்கார வைத்துவிட்டார். என்னால் பொறுக்க முடியாமல், "எப்படி அண்ணாச்சி அவுகளால முடியும்?" என்று கேட்டேன்.

"லென்சு வைக்க ஒரு கண்ணுதானலே வேணும்" என்றார். கேலியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கணக்கு சரியாக இருக்கிறது என்கிற முகம்தான்.

அந்தப் பாவத்திலும் வாட்ச் முடிந்தது. இரண்டு கடலைக்காய்க் குழல், ஒரு பொத்தான். அமுக்கினால் மணி தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அதைப்போல அழகான சாமானை நான் என் தொழிலில் அப்புறம் தொட்டதில்லை.

பந்தல்குடிக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று இவர் ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தார். இடது பக்கம் சுவர் வருகிறபடி அவளை உட்கார வைக்க வேண்டும். தலை நிமிரக்கூடாது. "தாலி ஏறிட்டா ஆச்சு" என்றார். அவளும் தலையாட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு சுளகில் துவரம்பருப்பைக் கொட்டி, "கல்லு பெறக்கு தாயி, பாப்போம்" என்றார். கண்பார்வை பார்க்க அந்தப் பக்கத்துப் பெண்கள் செய்கிற சோதனை அது. அவளுக்கு இது ஒரு சோதனையா? பருப்பை விரலால் அளைந்தாள், கல் தானாக வெளியே வந்து விழுந்தது. முடி போன்ற கம்பியை வளைத்த விரல்கள். "என்ன வேகம்!" என்று அத்தை பூரித்துப்போனார். நான் வாசலோரம் நின்றிருந்தேன். அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. போய்ச் சேரட்டும், நன்றாக இருக்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் நான் நிஜமாகவே நினைத்தேன்.

அதோடு எழுந்திருக்கலாம். இவருக்கு வாட்ச்சைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை கையில் கட்டி, பொத்தானை அமுக்கச் சொன்னார். நாலு எரிந்தது. கூடமே "ஆத்தீ" என்றது. மாப்பிள்ளையின் தங்கச்சி, துடுக்கான பெண், வாட்ச்சைக் கழற்றி, ஒயரோடும் டப்பாவோடும் தூக்கிக்கொண்டு போய், சுவருக்கும் அவளுக்கும் நடுவே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

"மதினி, மணி என்ன சொல்லுங்க, பாப்போம்!"

இடது பக்கம் நீட்டிய கை. அவளுக்கு எங்கே நீட்டுகிறது என்றே தெரியவில்லை. வலது பக்கம் தேடினாள். அப்புறம் குரல் வந்த பக்கம் முகத்தை முழுசாகத் திருப்பி நிமிர்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தப் பூவில் விழுந்தது. அந்தப் பெண் வீலென்று கத்தவில்லை, "அத்தே" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டது.

அவர்கள் சண்டை போடவில்லை. வாட்ச்சை வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அத்தை மட்டும் போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அவர் தங்கச்சியிடம் போய் நின்றார். "நாலுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. ஒத்த வார்த்தை."

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பட்டாளத்துக் குரல், பின்கட்டு வரை கேட்கும்.

"ஏலே, அவளை நீ கட்டிக்கிறியா?"

கையிலிருந்த முள்ளை வைத்துவிட்டேன்.

"நீ லென்சு குடுத்தப்பவே எனக்குத் தெரியும்லே. பந்தல்குடிக்காரன் வசதியானவன்னு பேசாம இருந்தேன். இப்பச் சொல்லு."

ஏழு வருஷமாக எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேனோ அந்தக் கேள்வி. 'சரி' என்று ஒரு எழுத்துக்கூட அதிகமில்லாமல் சொல்லியிருக்கலாம், அவருக்கும் பிடித்திருக்கும். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பூ வந்து நின்றது. கல்யாணத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொந்தக்காரர்கள் காதோடு காது பேசுவது கேட்டது.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணாச்சி. அவுக வேற ஒரு எடம் பாத்துக்கிட்டிருக்காக. அதுவுமில்லாம இந்த வருசம் மழையும் இல்ல..."

வழக்கமாகப் பாதியில் கையை நீட்டி நிறுத்துகிற மனுசன், அன்றைக்கு நிறுத்தவில்லை. நான் சொன்ன அத்தனையையும் கேட்டார். என் முகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பதைப்போல் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கொறைஞ்சிருச்சாலே?" என்றார்.

சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, ஏதோ ஒரு ரேடியோவைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் மண்டையை உடைக்கலாம் போல இருந்தது. அவரை நான் நிஜமாக வெறுத்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் அவர் சொன்னது சரியாக இருந்ததால்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டுக் கதவு திறந்தது. அவள் வந்தாள். முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிய என் லென்ஸைப் பஞ்சு வைத்த டப்பாவில் கொண்டுவந்து, என் மேஜையில், என் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். வலது கண்ணால் என்னை நேராகப் பார்த்தாள்.

"இந்தாங்கண்ணே" என்றாள்.